மீட்டருக்கு நாற்பத்திரண்டு கிலோ

பொன்செல்விக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது அவள் உத்தியோகம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி ஒத்துப்போகின்றன என்பதில் அவளுக்கு என்றைக்கும் சங்கடம் இருந்ததில்லை. சங்கடமெல்லாம் அவளுடைய முதலாளி சிவசங்கரனுக்குத்தான்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கீழே கண்ணாடிக்கடை, நடுவில் ஒரு செருப்பு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கி, அதற்கும் மேலே சிவசங்கரனின் அலுவலகம். பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். உலகத்தில் எங்கோ எழும்பப்போகும் இரும்புக் கொட்டகைகளுக்கு, எந்தத் துண்டை எவ்வளவு நீளத்தில் அறுக்க வேண்டும், எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்று ஒவ்வொன்றாக வரைந்து அனுப்புவார்கள். வரைந்த கொட்டகை ஒன்றையாவது நேரில் பார்த்தவர் அந்தப் பதினொரு பேரில் கிடையாது. ஆனாலும் ஒரு போல்ட் துளை இரண்டு மில்லிமீட்டர் விலகிவிட்டால், சொந்த வீட்டுக் கூரை ஒழுகுவதுபோல் துடித்துப்போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஸ்பெயினிலிருந்து ஒரு நிறுவனம் வேலை கொடுக்கத் தொடங்கியது. பழம் தரம்பிரித்துக் கட்டும் கொட்டகைகளை அங்கே வடிவமைப்பார்கள். கானா நாட்டில் ஒரு பட்டறை இரும்பை அறுத்து, ஒட்டி, நிறுத்தும். வடிவமைப்பவருக்கு ஆங்கிலம் எழுதப் பொறுமையில்லை. நிறுத்துகிறவருக்கு ஸ்பானிஷ் படிக்க அவசியமில்லை. ஆகவே இரண்டு கண்டங்களுக்கும் நடுவே வண்ணார்பேட்டை வந்து உட்கார்ந்தது.

முதல் பட்டியலை சிவசங்கரன் கணினியிடமே கொடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் அது எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கித் தந்தது. அதன்படி அந்தக் கொட்டகையின் கூரைக்கு இருநூற்றுப் பதினான்கு இடுப்புவார்கள் தேவைப்பட்டன. அலுவலகத்தில் அதை ஒருவர் பின் ஒருவராக வாங்கிப் படித்துச் சிரித்தார்கள். அப்போது படங்களை அச்செடுத்து அடுக்கும் வேலையில் இருந்த பொன்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொல்லைப் பார்க்கவில்லை. அதற்கு நேரே கிடந்த எடையைப் பார்த்தாள்.

“வாருமில்ல, கயிறுமில்ல சார். மீட்டருக்கு நாலரைக் கிலோ. கூரைத் தகட்டுக்கு அடியில குறுக்க ஓடுமே, மடக்குன சி சேனல், அது” என்றாள்.

அன்றிலிருந்து ஸ்பானிஷ் பட்டியல்கள் அவள் மேசைக்கு வந்தன.

அவள் ராதாபுரத்துக்காரி. வறண்ட அந்தப் பக்கத்தில் மழையும் வேலையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கிடைக்கும். டிப்ளமோ முடித்த கையோடு திருநெல்வேலிக்கு வந்து, புறவழிச்சாலையில் ஒரு இரும்புக்கடையில் சேர்ந்தாள். வாசலில் எடைமேடை, அதன் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு, கூண்டுக்குள் பதினொரு வருடம். வெளியே போகிற ஒவ்வொரு வண்டியிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. அது தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல. ஒரே இரும்புக்கு மும்பைக்காரர் ஒரு பெயர் சொல்வார், ராய்ப்பூர் லாரிக்காரர் ஒரு பெயர் சொல்வார், வாங்க வந்த கொத்தனார் மூன்றாவது பெயர் சொல்லிவிட்டு மற்ற இருவரையும் மடையர் என்பார். கடை அண்ணாச்சி இந்த வழக்குகள் எதிலும் தலையிட்டதில்லை. பேர் அவனவன் வாய்க்கு வந்தது, எடையைக் கேள், அது பொய் சொல்லாது என்பதுதான் அவருடைய ஒரே சட்டம். பொன்செல்வி கேட்டுக் கேட்டு, ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்றால் அது இன்ன வடிவம், இன்ன உயரம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

அந்தப் பாடத்தை அப்படியே ஸ்பானிஷுக்குக் கொண்டுவந்தாள். நீளமான ஒரு நோட்டு. இடது ஓரத்தில் ஸ்பானிஷ் சொல், தமிழ் எழுத்தில். பக்கத்தில் அந்த இரும்பைக் குறுக்கே அறுத்தால் தெரிகிற வடிவம், பென்சிலில். அப்புறம் எடை. கடைசியில் ஆங்கிலப் பெயர். ‘பிளெத்தினா’ என்பதற்கு நேரே ஒரு தடித்த கோடு: பட்டை, ஆங்கிலத்தில் ஃபிளாட். ‘கார்த்தேலா’ என்பதற்கு நேரே ஒரு முக்கோணம்: இரண்டு இரும்பு சேரும் மூலையில் வைத்து ஒட்டும் தகடு, கஸெட் பிளேட். இப்படி முந்நூற்று நாற்பது சொற்கள். அத்தனையும் பெயர்ச்சொற்கள், வினைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. இரும்புக்கு வினை எதற்கு? கிடக்கும், தூக்கிவிட்டால் நிற்கும். மாட்ரிட் நகரத்துத் தெருவில் கொண்டுபோய் விட்டால் அவளால் ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாது. ஆனால் அங்கே தலைக்கு மேலே சாரத்திலிருந்து ஏதாவது சரிந்தால், விழுவது இன்னதென்று அந்த ஊர்ப் பெயராலேயே சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் தை மாதம் ஸ்பெயின் நிறுவனம் ஒரு அறிவிப்பு அனுப்பியது. இனி ஒரு வருடத்துக்கான எல்லாப் பட்டியல்களையும் ஒரே அலுவலகத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் ஒரு சோதனைப் பட்டியல்: முந்நூற்று எண்பத்தாறு வரி, எட்டு நாள் கெடு. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. மொழிபெயர்த்தவர் பெயர், தகுதி.

பொன்செல்வி அந்தக் கட்டத்தை முதல் நாளே பார்த்துவிட்டாள். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. எட்டு நாள் வேலையை ஆறு நாளில் முடித்தாள்.

ஏழாம் நாள் சிவசங்கரன் அவளைக் கூப்பிட்டு, கட்டத்தில் கெசியா டீச்சரின் பெயரைப் போடப்போவதாகச் சொன்னார்.

கெசியா பாளையங்கோட்டைக்காரர். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக, யாராவது ஒருவர் யாருக்காவது ஏதாவது பாடம் நடத்திக்கொண்டிருக்காத நாளே கிடையாது. கெசியா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தினார். ஊரடங்கு நாட்களில் இணையம் வழியாக ஸ்பானிஷ் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் மாலையில் வந்து சிவசங்கரனுக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுப்பார். ஸ்பெயினில் ஒரு சிநேகிதி உண்டு. இருவரும் சமையல் முதல் தேர்தல் வரை சரளமாகப் பேசுவார்கள். ஆங்கிளுக்கும் சேனலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மட்டும், தெரியாது என்று சிரித்துவிடுவார். இரும்பு தெரிந்தவளுக்கு மொழி தெரியாது, மொழி தெரிந்தவருக்கு இரும்பு தெரியாது. சிவசங்கரனின் அலுவலகம் இந்த ஏற்பாட்டில் இரண்டு வருடமாக நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

“பேரு வெறும் பேருதானம்மா. டீச்சர்ட்ட சர்டிபிகேட்டு இருக்கு. ஒன்கிட்ட என்ன இருக்கு?” என்றார் சிவசங்கரன்.

“நோட்டு இருக்கு சார்.”

“நோட்டுல யாரு சீலு வச்சிருக்கா?”

மறுத்தது, மாலையில் வந்த கெசியாதான். இது சரியில்லை என்று மூன்று முறை சொன்னார். பதினொரு குடும்பத்தின் ஒரு வருடப் பிழைப்பு என்று சிவசங்கரன் நான்காவது முறை சொன்னபோது கையெழுத்துப் போட்டார்.

நான்கே நாளில் பதில் வந்தது. பட்டியல் திருப்தி, ஒப்பந்தத் தாள்கள் பின்னால் வரும். சிவசங்கரன் எல்லாருக்கும் தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் கெசியாவுக்குக் கைகொடுத்தார்கள். கெசியா ஒவ்வொரு கைகுலுக்கலுக்கும் பொன்செல்வி பக்கம் திரும்பிப் பார்த்துச் சங்கடப்பட்டார். பொன்செல்வி தன் பன்னைத் தின்றுவிட்டு, இன்னொருத்தருடையதையும் எடுத்துத் தின்றாள். பட்டியலின் ஒரு பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற சந்தில் பேச்சிராஜின் வெல்டிங் பட்டறை. கேட்டும் ஜன்னல் கிராதியும் செய்கிறவன். இரும்புக்கடைக் காலத்திலிருந்தே பழக்கம். கடையில் எடைமேடைக்கு வந்து அவளோடு சண்டை போட்டுத் தோற்றவர்களில் ஒருவன்.

“எக்கா, டீச்சரு ஸ்பானிஷ்ல பாஸாயிட்டாவளாமே. கண்ணாடிக்கடை வரைக்கும் அதான் பேச்சு” என்றான்.

அவள் நின்றுவிட்டாள். “ஏலே, அந்த லிஸ்டு நான் போட்டது. முந்நூத்தி எம்பத்தாறு வரியும்.”

“அப்படியா? எங்க, ஒண்ணு போட்டுக் காட்டு பாப்பம். தரை சும்மாதான கெடக்கு.”

மானமுள்ள எவரும் செய்வதைத்தான் பொன்செல்வியும் செய்தாள். சாக்குக்கட்டியை வாங்கினாள், முந்தானையைச் செருகினாள், பட்டியலில் இருப்பதிலேயே பெரிய சாமானைத் தேர்ந்தெடுத்தாள். கொட்டகையைத் தாங்கும் தூண். ஸ்பானிஷ் பட்டியலில் அதற்கு வடிவமும் எடையும் மட்டும்தான் இருந்தன: இரண்டு டி எழுத்தை அடியோடு அடி ஒட்டியதுபோல் ‘இரட்டை டி’ வடிவம், மீட்டருக்கு நாற்பத்திரண்டு கிலோ. அவள் அதை முந்நூறு மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ பீம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதையே இப்போது முழு அளவில் தரையில் வரைந்தாள். முந்நூறு உயரம், நூற்றைம்பது அகலம். பேச்சிராஜ் கைகட்டி நின்று பார்த்தான். ஒரு கோடுகூடக் கோணவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் தூணாக நிற்பது அவளுக்குப் போதவில்லை. தூணுக்கு அடியில் வரும் தகட்டையும் போட்டுக் காட்டினால்தான் படம் நிறையும் என்று தோன்றியது. தகடு பட்டியலில் அறுபது வரிக்குக் கீழே இருந்தது: நாலு பக்கமும் இருநூற்று எண்பது. தூணைச் சுற்றி அந்தச் சதுரத்தை வரைந்தாள். தூணின் இரண்டு நுனியும் சதுரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“காலு செருப்புக்கு வெளிய நிக்குதேக்கா. ஸ்பெயின்ல செருப்பெல்லாம் இப்படித்தான் போடுதாவளா?” என்றான் பேச்சிராஜ்.

அவள் டேப்பை எடுத்து இன்னொரு முறை அளந்தாள். அளவு சரி. பட்டியலை எடுத்துப் பார்த்தாள். தகடு சரி. தரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். நாற்பத்திரண்டு கிலோவில் இன்னொரு இரும்பும் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உயரம் குறைந்து, இறக்கை அகன்ற ஹெச் வடிவம்; அதையும் இரட்டை டி என்றுதான் சொல்வார்கள். நூற்றுத் தொண்ணூறு உயரம், இருநூறு அகலம். ஐரோப்பியக் கட்டடங்களில் தூண் என்றாலே பெரும்பாலும் அதுதான். புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். இரண்டுக்கும் எடையில் வித்தியாசம் மீட்டருக்கு நூறு கிராம். ஸ்பெயின்காரர்கள் தசமத்தைத் தூக்கிவிட்டு முழு எண்ணாகப் போட்டிருந்தார்கள். ஆனால் குற்றத்தை அவர்கள் தலையில் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த அகன்ற ஹெச் அவளுடைய இரும்புக்கடைக்குப் பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. எடைமேடையில் ஏறாத இரும்பு உலகத்தில் இல்லை என்று அவள் மனம் தீர்மானித்துவிட்டிருந்தது. எடை பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

இப்படி இருபத்துநாலு தூண்கள். கானாவில் எவராவது ஆங்கிலப் பட்டியலை நம்பி இரும்பு வாங்கினால், இருபத்துநாலும் வீண்.

பேருந்தில் அவள் யோசித்தது இதுதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தாலும் கட்டத்தில் இருப்பது கெசியாவின் பெயர். தவறு செய்தவளுடைய பெயர் எந்தத் தாளிலும் இல்லை. தாளில் பெயர் உள்ளவர் தவறு செய்யவில்லை. ஒரு பெயருக்காக இத்தனை நாளாக வயிறெரிந்தவளுக்கு, அது இல்லாமல் போனது இப்போது எவ்வளவு சௌகரியம். அந்தச் சௌகரியம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் சிவசங்கரனிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். அவர்களே ஒத்துக்கொண்ட பட்டியலை நாமாக ஏன் கிளற வேண்டும், படம் வரையும்போது தானாகத் தெரியாதா என்றார். படம் வருமுன்னே அவர்கள் இரும்பு வாங்கிவிடுவார்கள் என்று அவள் சொன்னதும் கொஞ்சம் யோசித்து, கெசியாவின் பெயரிலேயே ஒரு மெயில் போட்டுவிடலாம், தட்டச்சுப் பிழை என்று எழுதிவிடலாம் என்றார்.

“டைப்பு சரியாத்தான் அடிச்சேன் சார். நெனச்சதுதான் தப்பு.”

“எல்லாம் ஒண்ணுதானம்மா.”

“ஒண்ணில்ல சார். டீச்சருக்கு ஐயும் தெரியாது, ஹெச்சும் தெரியாது. அவிய செய்யாத தப்ப அவிய தலையில வைக்கப்படாது. தப்பு என்னுது. என் பேருலதான் போகணும்.”

“அப்போ லிஸ்டே நீ போட்டதுன்னு ஆயிருமே.”

“ஆவட்டும்.”

சிவசங்கரன் எழுந்து ஜன்னலருகே போனார். ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ஸ்பெயின்காரர்கள் நினைத்தால் ஒப்பந்தம் போய்விடும் என்றார். வெளியே உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். இரண்டும் நியாயமானவை என்று பொன்செல்விக்குத் தெரியும். அவள் வெளியே வந்து அந்தப் பத்துப் பேரிடமும் நடந்ததைச் சொன்னாள். இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூத்தவர் ஒருவர், இருபத்துநாலு தூணா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும், அனுப்பு என்றார். இரண்டு மில்லிமீட்டருக்குத் துடித்துப்போகிறவர்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

மாலையில் கெசியா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பையைக் கீழே வைக்காமலே கணினி முன் உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லுங்க செல்வி, நான் எழுதுதேன். நான் கையெழுத்துப் போட்டதும் தப்புதான். அதையும் இதுலயே சேத்துருதேன்.”

“அது ஒங்க தப்பு டீச்சர். அத ஒங்க பேருல தனியா எழுதுங்க.”

கெசியா சிரித்துவிட்டு, இரண்டு கடிதம் எழுதினார். தன்னுடையதைச் சீக்கிரம் முடித்துவிட்டார். பொன்செல்வியுடையதற்குத்தான் நேரம் பிடித்தது. தனக்கு ஸ்பானிஷ் பேசத் தெரியாது, இரும்புக்கடையில் எடை பார்த்தவள், பட்டியல் முழுவதும் தான் போட்டது என்று முதலில் எழுதச் சொன்னாள். பிறகு தவறு நடந்த விதம், தரையில் வரைந்து கண்டுபிடித்த விதம். மன்னிப்பு ஒரு வரி. இதோடு முடிப்போமா என்று கெசியா கேட்டார். இல்லை, இனிமேல் எடையோடு உயரத்தையும் அகலத்தையும் அவர்கள் கட்டாயம் போட்டு அனுப்ப வேண்டும், அது இல்லாத வரிக்குத் தன்னால் பெயர் தர முடியாது என்று எழுதச் சொன்னாள். பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த சிவசங்கரன், மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் உத்தரவு போடுகிறவளை இன்றைக்குத்தான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடினார். கெசியா ஒரு சொல்லையும் மிருதுவாக்காமல் அனுப்பினார்.

ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. சிவசங்கரன் பொன்செல்வியோடு பேசுவதை நிறுத்தி, அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அச்செடுக்கும் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு எடைக்கும் நேரே அதே எடையில் இன்னும் என்னென்ன வடிவங்கள் இருக்கின்றன என்று தேடித் தேடி எழுதினாள். நாற்பத்தேழு இடங்களில் இரட்டைகள் அகப்பட்டன. இரண்டு வருடமாகத் தெரிந்துவிட்டதாக நினைத்திருந்தது பாதிதான் என்பது அவளை வருத்தியிருக்க வேண்டும். மாறாக, நோட்டு தடித்துக்கொண்டே போவதில் அவளுக்கு ஒரு கர்வம் வந்தது.

பத்தாம் நாள் மாலை பதில் வந்தது. கெசியா வாசித்துச் சொல்லச் சொல்ல அலுவலகம் முழுவதும் சுற்றி நின்றது. கானாவில் இன்னும் இரும்பு வாங்கவில்லை. இதே பட்டியலை அவர்களுடைய பொறியாளர்கள் இருவர் பார்த்து ஒப்புதல் தந்திருந்தார்கள்; இருவர் கண்ணிலும் படவில்லை. அடுத்த பட்டியலிலிருந்து உயரமும் அகலமும் இருக்கும். கடிதங்களைத் திருமதி கெசியாவே தொடர்ந்து எழுதலாம். ஆனால் கட்டத்தில் இனி இரும்பைத் தரையில் வரைந்து பார்ப்பவரின் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலை ஏற்பதற்கில்லை. இணைப்பில் ஒப்பந்தமும், ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரியில் முதல் பட்டியலும்.

மொழிபெயர்த்தவர் பெயர் என்ற இடத்தில் பொன்செல்வியின் பெயரை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். சிவசங்கரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தான் அப்போதே சொன்னதாக எல்லாரிடமும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை; அன்றைக்கு எல்லாருக்கும் தாராள மனசு. பொன்செல்வி திரையருகே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் படித்தாள். ஒன்றும் விடுபடவில்லை.

கெசியாதான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். “செல்வி, முன்னால ‘சென்யோர்’னு போட்டிருக்காவ. திருவாளர் பொன்செல்வி. இரும்ப அளக்குறது ஆம்பளையாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டாவ போல. திருத்தி எழுதட்டா?”

பொன்செல்வி ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரியையும் அச்செடுக்கக் கொடுத்துவிட்டு வந்து, கெசியாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“எழுதுங்க டீச்சர். தப்புன்னா சொல்லிரணும். அவியளும் என்ன மாதிரித்தான், பாக்காதது இல்லன்னு நெனச்சிருப்பாவ.”